இசை மென்பொருளுக்கு நகல் தடுப்பு: டாங்கிளா, சர்வரா, வெறும் சாவிக் கோப்பா?

நிசப்தநிரல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக என் இரவுகளைத் தின்றுகொண்டிருந்த ரிவெர்ப் (ஒலிக்கு அரங்க முழக்கம் சேர்க்கும்) பிளக்இன், அதாவது இசை மென்பொருளுக்குள் செருகும் துணை நிரல், ஒருவழியாக விற்பனைக்குத் தயாராகிவிட்டது. ஒலியைப் பற்றி இனிக் கவலையில்லை. கவலையெல்லாம் பூட்டைப் பற்றித்தான்.

நான் தனி ஆள். நிரல் எழுதுவதும் நானே, பயனர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதும் நானே. என் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பெயரும் சீரியல் எண்ணும் கேட்டுவிட்டு விட்டுவிடுவது. கையொப்பமிட்ட சாவிக் கோப்பு கொடுப்பது. என் சர்வரோடு பேசிக் கணினியைப் பதிவு செய்யும் ஆக்டிவேஷன். இல்லையென்றால் கட்டணம் செலுத்தி ஐலாக் போன்று உரிமத்தை ஒரு டாங்கிளில் (கணினியில் செருகும் சிறு கட்டை) வைக்கும் ஆயத்த ஏற்பாட்டுக்குள் நுழைந்துவிடுவது. பூட்டே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

வாங்கிப் பயன்படுத்துபவர்கள் நீங்கள். எந்தப் பூட்டு உங்களைப் பாடாய்ப்படுத்தியது? எது இருப்பதே தெரியாமல் இருந்தது? அனுபவம் சொல்லுங்கள், கொள்கை விளக்கம் வேண்டாம்.

பழைய_ஒலிக்கூடம்

தம்பி, டாங்கிளைத் திட்ட இங்கே கூட்டமே வரும். அதற்கு முன்னால் அதன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டாரி எஸ்டி கணினிக் காலத்திலிருந்து எனக்கு அதனோடு பழக்கம். கியூபேஸ், நோட்டேட்டர் என்ற இசை மென்பொருள்கள் இரண்டுக்குமே கணினியின் பக்கவாட்டில் உள்ள கார்ட்ரிட்ஜ் துளையில் ஒரு சிறு கட்டையைச் செருக வேண்டும். கணினி இயங்கும்போது அதைப் பிடுங்கினால் தொலைந்தோம். பிறகு இமேஜிக் நிறுவனத்தின் லாஜிக் மென்பொருளுக்கு எக்ஸ்எஸ் கீ என்ற டாங்கிள் வந்தது. ஆப்பிள் 2002இல் இமேஜிக்கை வாங்கியது. 2007இல் வந்த லாஜிக் 8இல்தான் அந்தக் கட்டைக்கு விடுதலை கிடைத்தது. நானும் என் பெட்டியிலிருந்து ஒன்றைக் குறைத்தேன்.

அதன் நன்மை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: உரிமம் என் சட்டைப் பையில் இருக்கும். வேறு ஒலிக்கூடத்துக்குப் போகிறேன், அங்கே அதே பிளக்இன்கள் நிறுவப்பட்டிருக்கின்றன, என் டாங்கிளைச் செருகுகிறேன், வேலை ஆரம்பமாகிறது. இணையம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒருமுறை நடுராத்திரி கலவைப் பணியின்போது கணினியின் மதர்போர்டு செத்துப்போனது. மாற்றுக் கணினியில் டாங்கிளைச் செருகிப் பத்து நிமிடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். கணினியோடு கட்டிப்போட்ட ஆக்டிவேஷனாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் யாருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது?

மேடைவிசை

ஐயா, உங்கள் டாங்கிள் மேசைக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. என்னுடையது மேடையில் மடிக்கணினியின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். ஒலிச் சோதனையின்போது ஒருவர் கேபிளோடு குறுக்கே போனார். டாங்கிள் வளைந்தது, உள்ளே ஏதோ முறிந்தது. பதினோரு பிளக்இன்கள் அதோடு போயின. அன்றைய நிகழ்ச்சியை கீபோர்டின் உள்ளமைந்த ஒலிகளை வைத்தே ஒப்பேற்றினேன்.

பிறகு தொடர்பு கொண்டபோது உடைந்ததைத் தபாலில் அனுப்பு, கட்டணம் செலுத்து, காத்திரு என்றார்கள். ஆண்டுதோறும் தனிக் கட்டணம் செலுத்திக் காப்புத் திட்டத்தில் இருந்திருந்தால் தற்காலிக உரிமம் உடனே கிடைத்திருக்குமாம். நான் வாங்கிய பொருளை நான் தொடர்ந்து பயன்படுத்த நானே காப்பீடு எடுக்க வேண்டும்! யாரைக் காப்பதற்கான கருவி அது?

ஆனால் சர்வர் ஆக்டிவேஷனையும் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டேன். அதன் கதை தனி. என் கணினியில் வைஃபை அட்டை பழுதாகி மாற்றினேன். ஒரு சின்தசைசர் மட்டும் இதைப் 'புதிய கணினி' என்று முடிவு செய்துவிட்டது. வீட்டில் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேடையில்தான் தெரிந்தது. இணையம் இல்லாத அரங்கத்தில் 'இணையத்தில் இணைந்து உறுதி செய்க' என்ற பெட்டி திரை முழுக்க நின்றது.

நிசப்தநிரல்

இதுதான் எனக்கு வேண்டும். வைஃபை அட்டையின் முகவரியைக் கணினியின் அடையாளமாக எடுக்கலாம் என்று நானும் நினைத்திருந்தேன். அந்த வரியை இப்போதே அழித்துவிட்டேன்.

கணக்குச்சுருதி

நான் ஒலி நிரல் எழுதும் தொழிலில் இருப்பவன். வேலை செய்யும் இடத்தைச் சொல்ல மாட்டேன். பூட்டுகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொன்னால் தேர்வு எளிதாகும்.

வெறும் சீரியல் எண் என்பது ஒரு கணக்கு. எண் சரியா என்று பார்க்கும் கணக்கு பிளக்இன்னுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிரித்துப் படிப்பவர் அதே கணக்கைத் திருப்பிப் போட்டு ஒரு கீஜென் (செல்லும் எண்களை உருவாக்கித் தரும் நிரல்) எழுதிவிடுவார். அதிலிருந்து வரும் எண்கள் உங்கள் எண்களைப் போலவே செல்லும். அசல் எது, போலி எது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

சாவிக் கோப்பில் நிலைமை வேறு. வாங்கியவரின் பெயரை உங்கள் அந்தரங்கச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறீர்கள். பிளக்இன்னுக்குள் இருப்பது பொதுச் சாவி மட்டும். அதை வைத்துக் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், புதிதாக உருவாக்க முடியாது. ஆகவே கீஜென் எழுத வழியில்லை. உடைக்க வேண்டுமென்றால் பிளக்இன்னையே திருத்தி, சரிபார்க்கும் இடத்தைத் தாண்டிக் குதிக்க வைக்க வேண்டும். அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் புதிய பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் மறுபடி செய்ய வேண்டும். அடிக்கடி சிறு பதிப்புகள் விடுபவருக்கு இதுவே நல்ல காவல்.

சர்வர் ஆக்டிவேஷனும் டாங்கிளும் இதன் மேல் கட்டிய மாடிகள்தான். எல்லாம் கடைசியில் 'ஆமா, இல்லையா' என்ற ஒரு கேள்வியில் வந்து நிற்கும், அந்தக் கேள்வி பயனரின் கணினியில் கேட்கப்படும். அவர் கணினி, அவர் ராஜ்ஜியம். நல்ல டாங்கிள் முறைகள் நிரலின் துண்டுகளையே மறையாக்கம் செய்து, டாங்கிள் இல்லாமல் அவை திறக்காதபடி செய்கின்றன. உடைப்பது மிகக் கடினம், முடியாத காரியம் இல்லை.

இனி ஒரு எச்சரிக்கை. எங்கே சரிபார்த்தாலும் ஒலி ஓடும் நிரல் இழையில் (ஆடியோ த்ரெட்) மட்டும் சரிபார்க்காதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 64 மாதிரி பஃபர் (ஒரு சுற்றில் கையாளும் ஒலித்துண்டு) வைத்திருப்பவருக்கு ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 1.33 மில்லி விநாடி. அதற்குள் அவருடைய எல்லாப் பிளக்இன்களும் வேலையை முடித்தாக வேண்டும். அங்கே டாங்கிளிடமோ வட்டிலிடமோ நீங்கள் ஒரு கேள்வி கேட்டுப் பதில் தாமதமானால் ஒலியில் 'டிக்' என்று ஒரு வெட்டு விழும். பயனர் அதைப் பூட்டின் குறை என்று நினைக்க மாட்டார். 'இந்த ரிவெர்ப் சரியில்லை' என்றுதான் நினைப்பார்.

இன்னொன்று, கிராக் (பூட்டை உடைத்த பிரதி) என்று கண்டுபிடித்தால் சில வாரம் கழித்து ஒலியை மெல்லக் கெடுப்பது. கேட்க ருசியான பழிவாங்கல்தான். உங்கள் கண்டுபிடிப்பு ஒருமுறை தவறிப்போய், பணம் கொடுத்தவரின் கலவையில் அது வெடித்தால் என்ன செய்வீர்கள்?

ஒருகாலத்தில்

நான் மறுபக்கத்திலிருந்து வந்தவன். மாணவனாக இருந்தபோது என் கணினியில் இருந்தவற்றில் முக்கால்வாசி கிராக். பெருமையாகச் சொல்லவில்லை. இன்று எல்லாம் வாங்கியவை. மாறியதற்குப் பூட்டின் வலிமை காரணமில்லை. கிராக் பதிப்பு ப்ராஜெக்டைச் சேமிக்கும்போது விழும், பிழைத்திருத்தம் வந்தால் போட முடியாது, யாரிடமும் உதவி கேட்க முடியாது. இதில் அலுத்துத்தான் வாங்கினேன். முதலில் வாங்கியவை, விரிவான சோதனைப் பதிப்பு கொடுத்தவர்களின் மென்பொருள்கள்.

பழைய_ஒலிக்கூடம்

திருடியவர் வந்து பூட்டுக்காரருக்கு யோசனை சொல்கிறார். நன்றாக இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் முக்கால்வாசியைக் கிராக்கில் ஓட்டியதால்தான் எங்களைப் போன்றவர்கள் டாங்கிளைச் சுமந்தோம்.

ஒருகாலத்தில்

திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஐயா. கிராக் பயன்படுத்திய நான் ஒருநாளும் டாங்கிளைச் செருகியதில்லை. பணம் கொடுத்த நீங்கள் இருபது வருடம் செருகினீர்கள்.

நடுவர்

இருவருக்கும்: ஆளைப் பற்றிய பேச்சு போதும். பூட்டைப் பற்றிப் பேசுங்கள்.

பழைய_ஒலிக்கூடம்

சரி. சுருக்கென்று தைத்தது, மறுக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், தாமதத்துக்கும் மதிப்பு உண்டு. வெளிவந்த முதல் நாளே கிராக் வருவதும், ஒரு வருடம் கழித்து வருவதும் ஒன்றல்ல. உடனே தேவைப்படுகிறவர் அந்த ஒரு வருடத்துக்குள் வாங்கிவிடுவார். பெரிய நிறுவனங்கள் தடித்த பூட்டுக்குப் பணம் செலவழிப்பது அந்தக் காலத்தை வாங்கத்தான்.

பெட்டகம்

தாமதமாக வருகிறேன். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். என் பிழைப்பில் பாதி, பழைய ப்ராஜெக்டுகளை மறுபடி திறந்து கொடுப்பது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய பதிவை மறுகலவை செய்ய வேண்டும் என்பார்கள். கோப்புகள் இருக்கும், கணினிகூட இருக்கும். பூட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஆப்கோட் என்ற இசை மென்பொருள் நிறுவனத்தை 1998இல் கிப்சன் வாங்கியது. சிறிது காலத்திலேயே அதன் மென்பொருள் வளர்ச்சி நின்றுபோனது. அதே கிப்சன் கேக்வாக் நிறுவனத்தை வைத்திருந்தபோது, 2016இல் அதன் சோனார் மென்பொருளுக்கு 'வாழ்நாள் புதுப்பிப்பு' விற்றார்கள். 2017 நவம்பரில் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. யாருடைய வாழ்நாள் என்று வாங்கியவர்கள் கேட்டிருக்க வேண்டும். நல்லவேளை, 2018இல் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகவே கொடுத்தது. கேமல் ஆடியோ 2015 தொடக்கத்தில் கடையை மூடியது. அதன் ஆல்கெமி சின்தசைசர் அதே ஆண்டு லாஜிக்குக்குள் தோன்றியது. விண்டோஸில் அதை வைத்திருந்தவர்களுக்குப் புதிய பதிப்பு என்ற பேச்சே இல்லை.

நல்ல சாவும் உண்டு. ப்ரொப்பெல்லர்ஹெட் 2005இல் ரீபர்த் மென்பொருளை நிறுத்தியபோது இலவசமாக்கிவிட்டுப் போனது. வெம்பர் ஆடியோவின் சர்ஜ் சின்தசைசர் 2018இல் திறந்த மூலமானது, இன்று ஒரு குழுவே அதை வளர்க்கிறது.

நிறுவனம் உயிரோடிருந்தும் பூட்டு செத்துப்போகலாம். ஸ்டெயின்பெர்க் 2022இல் கியூபேஸ் 12இலிருந்து டாங்கிளைக் கைவிட்டது, பாராட்டினோம். அந்த டாங்கிளுக்கான பழைய இலைசென்சர் முறையின் இணையச் சேவை 2025 மே 20இல் மூடப்பட்டது. ஏற்கெனவே டாங்கிளில் இருக்கும் உரிமம் ஓடும். அந்த டாங்கிள் உடைந்தால் பழைய உரிமத்தை இன்னொன்றில் மீட்டெடுக்க அந்தச் சேவை இனி இல்லை. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மேடைவிசை சொன்ன கதையைப் படித்ததும் எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தச் சிக்கலைச் சட்டமே ஒருமுறை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் பூட்டை மீறுவது சட்டவிரோதம். ஆனால் டாங்கிள் பழுதாகி, அதை மாற்றவோ சரிசெய்யவோ வழியில்லாத அளவுக்கு வழக்கொழிந்துபோன மென்பொருளுக்கு 2003, 2006, 2010 ஆண்டுகளில் விதிவிலக்கு கொடுத்தார்கள்.

ஆகவே, நிசப்தநிரல், எந்தப் பூட்டை யார் உடைப்பார்கள் என்று மட்டும் யோசிக்காதீர்கள். நாளைக்கே நீங்கள் இந்தத் தொழிலை விட்டுவிட்டால் உங்கள் ரிவெர்ப் திறக்குமா? சாவிக் கோப்பு என்றால் திறக்கும். சர்வர் என்றால் நீங்கள் மாத வாடகை கட்டுகிற வரைக்கும்தான்.

(வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: ப்ராஜெக்டை முடித்ததும் ஒவ்வொரு தடத்தையும் விளைவுகளோடு ஒரு பிரதி, விளைவுகள் இல்லாமல் ஒரு பிரதி என்று வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். வேவ் கோப்புக்கு யாரும் பூட்டுப் போடவில்லை.)

மேடைவிசை

பெட்டகம் எழுதியதை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். அதோடு இயங்குதளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் நிரல்களை நிறுத்தியபோது, பூட்டு பிழைத்தாலும் பிளக்இன் பிழைக்கவில்லை.

பென்குவின்காரன்

லினக்ஸில் ஐலாக் இல்லை. நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்தால் நான் வாங்க முடியாது. எனக்குச் சொல்ல இவ்வளவுதான்.

தாளக்கட்டு

சந்தாவைப் பற்றி யாரும் பேசவில்லையே? அதுவும் ஒரு பூட்டுதான், மாதாமாதம் புதிதாகப் பூட்டப்படுவது. 2023 மார்ச்சில் பிளக்இன்கள் விற்கும் வேவ்ஸ் நிறுவனம் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திவிட்டுச் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. எழுந்த கூச்சலில் சில நாள்களிலேயே பின்வாங்கி நிரந்தர உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்தத் துறையில் பயனர்கள் சேர்ந்து கத்தி உடனே பலன் கிடைத்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

மறுவிற்பனையையும் கவனியுங்கள். நிரந்தரமாக வாங்கிய மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் ஆரக்கிள், யூஸ்டுசாஃப்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. டாங்கிளிலும் சர்வரிலும் உரிமத்தைக் கைமாற்றுவது சுத்தமான வேலை, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். சாவிக் கோப்பில் விற்றவரிடமும் ஒரு பிரதி தங்கிவிடும். சாவிக் கோப்பைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கணக்குச்சுருதி

நியாயமான குறை. புதியவர் பெயரில் சாவி கொடுத்துவிட்டு, பழைய சாவியை அடுத்த பதிப்பின் தடைப் பட்டியலில் சேர்ப்பதுதான் வழக்கம். பழைய பதிப்பிலேயே நின்றுவிடுபவரைத் தடுக்க முடியாது. நம்பிக்கைதான்.

ஒருகாலத்தில்

நம்பிக்கையை நம்பி ஓடுகிற தொழில்களும் உண்டு. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 60 நாள் சோதனைக்குப் பிறகும் பூட்டிக்கொள்வதில்லை. திறக்கும்போது ஒரு பெட்டி வந்து நினைவூட்டும், அவ்வளவுதான். அதை எழுதத் தொடங்கிய ஜஸ்டின் ஃப்ராங்கல் பாட்டுக் கேட்கும் வினாம்ப் மென்பொருளை உருவாக்கியவர், பகிர்மென்பொருள் காலத்து ஆள். அந்தப் பெட்டியின் கூச்சம் தாங்காமல்தான் நான் வாங்கினேன். கேலிக்காகச் சொல்லவில்லை, உண்மை.

சோதனைப் பதிப்பில் எதைத் தடுப்பது என்பதிலும் கெட்டிக்காரத்தனம் வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளின் சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், சேமிக்கவும் செய்யலாம். சேமித்ததைத் திறக்க மட்டும் முடியாது, வாங்கினால் திறக்கும். மூன்று இரவு உழைத்த பாட்டு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது யாரும் நிறையப் பேரம் பேசுவதில்லை. ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் இலவசப் பதிப்பு பத்து நிமிடத்துக்குப் பிறகு மௌனமாகிவிடும், அதன் மூல நிரலோ எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

நிசப்தநிரல்

எல்லோருக்கும் நன்றி. முடிவு எடுத்துவிட்டேன். சாவிக் கோப்பு. இணையம் தேவையில்லை, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், வாங்கியவர் பெயர் பிளக்இன்னின் கீழ்விளிம்பில் தெரியும். தன் பெயர் பொறித்ததை ஊருக்குக் கொடுக்க யாருக்கும் கை கொஞ்சம் தயங்கும். சாவி இல்லாவிட்டால் முழுமையாக இயங்கும், ஆனால் அமைப்புகளைச் சேமிக்காது. சரிபார்ப்பு பிளக்இன் ஏற்றப்படும்போது ஒரே ஒருமுறை, ஒலி இழைக்கு வெளியே.

ஐலாக்கை விட்டதற்குப் பென்குவின்காரனின் ஒற்றை வரி பாதிக் காரணம். மறுபாதி, அந்த மடலெல்லாம் எனக்கு வரும் என்பது. டாங்கிள் உடைந்தவர் டாங்கிள்காரருக்கு எழுத மாட்டார், எனக்குத்தான் எழுதுவார்.

இந்த இழையில் எழுதிய அனைவருக்கும் சாவி அனுப்புகிறேன். தனிச்செய்தியில் பெயர் கொடுங்கள்.

பழைய_ஒலிக்கூடம்

நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், தம்பி. டாங்கிள் பதிப்பு வந்தால் சொல்.

பொன்வண்டு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று வாங்கினேன், அநேகமாக உங்கள் முதல் வாடிக்கையாளர் நான்தான். பெயரைத் தமிழில் 'பொன்வண்டு' என்றே கொடுத்தேன். சாவி வந்தது. பெயரைத் தட்டச்சு செய்து சாவியைச் சேர்த்தால் 'செல்லாத உரிமம்' என்கிறது. எட்டு முறை முயன்றுவிட்டேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

கணக்குச்சுருதி

'பொ'வா? அப்படியென்றால் எனக்கு ஒரு சந்தேகம். யூனிகோடில் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரும், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாகவும் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. கையொப்பம் பார்ப்பது பைட்டுகளை.

நிசப்தநிரல்

அதேதான். படிவத்தில் அவர் கைப்பேசியிலிருந்து நிரப்பியிருக்கிறார், பிளக்இன்னில் கணினி விசைப்பலகையில் தட்டியிருக்கிறார். ஒன்று ஒரு குறியீடு, மற்றது இரண்டு. பணம் கொடுத்த முதல் மனிதரை என் பூட்டு வெளியே நிறுத்திவிட்டது. இத்தனை பக்கம் வாசித்த பிறகும்.

பொன்வண்டு, மன்னித்துவிடுங்கள். பெயரை ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகு சரிபார்க்கும்படி திருத்தி 1.0.1 ஏற்றியிருக்கிறேன். பெயரைத் தட்டச்சு செய்யும் படியையே எடுத்துவிட்டேன், கோப்பிலிருந்தே படித்துக்கொள்ளும்.

பொன்வண்டு

திறந்துவிட்டது. நீளமான ஹால் அமைப்பு அருமையாக இருக்கிறது. கீழ்விளிம்பில் மட்டும் என் பெயருக்குப் பதில் சின்னக் கட்டங்கள் தெரிகின்றன.

நிசப்தநிரல்

எழுத்துரு. 1.0.2 இன்றிரவு.